தங்கையின் வியாதி அக்காவுக்கு வந்தது

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் பல்லம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் எடுப்பாக இருந்ததால் அல்ல. டென்டல் லேபில் பல் செட் செய்வது அவளுக்கு வேலை. தெருவில் வயதானவர்களில் பாதிப்பேர் வாய்விட்டுச் சிரிப்பதே தன் தங்கையின் தயவில்தான் என்று அவளுடைய அக்கா சொல்லிக்கொண்டு திரிவாள். அக்காவுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. டவுன் பஸ் ஓட்டியதால் அவள் டிரைவரக்கா. அக்காவும் தங்கையும் மூன்றாம் மாடியில், இரண்டு அறையும் ஒரு ஒடுக்கமான சமையலறையும் உள்ள வீட்டில் ஒன்றாக இருந்தார்கள்.

ஒன்றாக இருக்கவேண்டி வந்ததற்குக் காரணம் பல்லம்மாவின் கைகள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலையில் எழுந்தவளால் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. விரல் கணுக்கள் வீங்கி, தொட்டால் நெருப்பாகச் சுட்டன. முடக்குவாதம் என்றார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்கவேண்டிய சக்தி, ஆள் மாறி, அவளுடைய சொந்த மூட்டுகளையே அடிக்கிறது என்று விளக்கினார்கள். அவளுக்கு அது பாதிதான் புரிந்தது. வலி முழுதாகப் புரிந்தது.

பிறகு அவள் உண்டானாள். வயிற்றில் பிள்ளை இருந்தவரை வலி போன இடம் தெரியவில்லை. துணி பிழிந்தாள், டப்பா மூடிகளைத் திறந்தாள், வியாதி ஒழிந்தது என்று எல்லோரிடமும் சொன்னாள். பையன் பிறந்து சில வாரங்களில் அது திரும்பி வந்தது, முன்னைவிட மூர்க்கமாக. அழுகிற குழந்தையைத் தூக்கக் கை வரவில்லை. புருஷன் கொஞ்ச காலம் பார்த்தான். பிறகு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று போனான். போனவன் போனவன்தான்.

ஒரே ஒரு பையோடு அக்கா வந்து சேர்ந்தாள். விடியும் முன் பஸ்ஸை எடுத்து, மதியம் டிப்போவில் விட்டுவிட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் குழந்தையைக் குளிப்பாட்டினாள். இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. பையன் நடந்தான், பள்ளிக்கூடம் போனான், மீசை முளைத்தது, கப்பலில் மெக்கானிக் வேலைக்கும் போய்விட்டான். அக்கா அந்தப் பையோடு திரும்பிப் போகவே இல்லை. கல்யாணம் பற்றி யாராவது கேட்டால், "ஒரு வண்டியை ரிப்பேர் இல்லாம ஓட்டறதே பெரும்பாடு. இன்னொண்ணை எவ பார்க்கிறது?" என்று வாயை அடைத்துவிடுவாள். பையன் கப்பலிலிருந்து கூப்பிட்டால் முதலில் கேட்பது, "பெரியம்மா இருக்காங்களா?" என்றுதான். பல்லம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. நியாயம் எது என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்காலியில் காலைத் தூக்கிவைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் பல்லம்மா அதைப் பார்த்தாள். வலது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, ஒரு கருப்புத் திட்டு. ஓரம் ஒழுங்கில்லாமல், மை ஊறியது போல இருந்தது.

"இது என்னக்கா?"

"ஷூ கடிச்சது. ரத்தம் கட்டியிருக்கு."

"எப்போலேர்ந்து?"

"அதை யாரு பார்த்தா? உள்ளங்காலை நான் என்ன கண்ணாடியில பார்த்து அழகு பண்ணிக்கிறேனா?"

அது ஷூ கடித்ததில்லை. வெட்டி எடுத்துச் சோதித்தபோது தோல் புற்று என்று வந்தது. வெயில் படாத இடத்திலும் அது வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். அதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரலிலும் புள்ளிகள்.

புற்று மருத்துவர் இளம்பெண், குள்ளமானவள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலைதான் தெரியும். வெளியே வந்ததும் அக்கா அவளுக்குக் குட்டி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். குட்டி டாக்டர் எதையும் மூடி மறைத்துப் பேசுகிறவள் இல்லை.

"உங்க உடம்புலயே இதை அடிக்கிற படை இருக்கும்மா. ஆனா அந்தப் படைக்கு ஒரு பிரேக்கும் இருக்கு, கண்டதையெல்லாம் அடிச்சிடக் கூடாதுன்னு. இந்தக் கட்டி அந்தப் பிரேக்கைக் கண்டுபிடிச்சு மிதிச்சுக்கிட்டே உக்காந்திருக்கு. இப்போ குடுக்கப்போற மருந்து அதோட காலைத் தட்டிவிடும்."

அக்கா யோசித்தாள். "அப்போ பிரேக் இல்லாத வண்டியில என்னை ஏறச் சொல்றீங்க."

"ஆமாம்மா. அதைத்தான் சொல்றேன்."

"பிரேக் போனா என்ன ஆகும்?" என்று பல்லம்மா கேட்டாள்.

மேசை விளிம்பில் இருந்த பல்லம்மாவின் விரல்களைக் குட்டி டாக்டர் பார்த்தாள். நடுவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து, காற்றில் ஒருபக்கமாக வளைந்த செடி போல இருந்தன. "உங்களுக்கு ஆனது மாதிரி அவங்களுக்கும் ஆகலாம்," என்றாள். "அதைவிட மோசமா, குடலே ஓட்டையாகலாம்."

அக்காவை ஊசி போடும் அறைக்கு அழைத்துப் போன பிறகு, பல்லம்மா திரும்பவும் டாக்டரின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை. கேள்வி அவளிடமிருந்து கோபமாகத்தான் வந்தது.

"எனக்கு ஒண்ணு புரியல டாக்டர். இந்த உடம்பை ஏன் இப்படிக் கோணலா செஞ்சு வச்சிருக்காங்க? எனக்கு, ஒண்ணும் பண்ணாத எலும்பைப் போட்டு அடிக்குது. அவளுக்கு, எதிரி நடு வீட்டுல வந்து உக்காந்தும் தூங்குது. ஒரே வயித்துல பொறந்தவங்கதானே நாங்க?"

"யாரும் யோசிச்சு செய்யலைம்மா, அதான் கோணல்," என்றாள் குட்டி டாக்டர். "எத்தனையோ கொள்ளைநோய் வந்து ஊர் ஊரா வாரிட்டுப் போயிருக்கு. சாந்தமான உடம்புக்காரங்க அதுல நிறைய பேர் போயிட்டாங்க. முன்கோபக்கார உடம்பு இருந்தவங்க தப்பிச்சாங்க. நாமெல்லாம் அவங்க வழியில வந்தவங்கன்னு நினைக்கிறாங்க. இப்போ அந்த நோய்ங்க இல்லை. கோபம் மட்டும் தங்கிடுச்சு."

"அப்போ அவளுக்கு?"

"புற்றும் வெளியாள் இல்லைம்மா. ரொம்ப ரொம்ப முன்னாடி ஒவ்வொரு செல்லும் தனியா, தன் இஷ்டத்துக்குப் பெருகிக்கிட்டு இருந்ததுதான். ஒண்ணா சேர்ந்து ஒரு உடம்பானப்போ, இனிமே அப்படிப் பெருக மாட்டோம்னு ஒரு ஒப்பந்தம் மாதிரி. எங்கேயாவது ஒண்ணு அதை மீறிப் பழைய வழிக்குப் போயிடுது. சின்ன வயசுல உடம்பு அதை அடக்கி வச்சிடும். பிள்ளை பெத்து வளர்க்கிற வயசு தாண்டிட்டா, இயற்கைக்கு நம்ம மேல அக்கறை விட்டுப்போயிடுது."

"அவ பெத்துக்கவே இல்லையே."

"இயற்கைக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

பல்லம்மா கதவு வரை போய்விட்டு நின்றாள். பையன் வயிற்றில் இருந்தபோது மட்டும் தனக்கு வலிக்கவே இல்லையே, அது ஏன் என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "வயித்துல இருக்கிற பிள்ளை பாதி அப்பாவோட அம்சம். உங்க படைக்கு அது அந்நியம். அதை அடிக்காம இருக்கத் தாயோட உடம்பு ஒரு சமாதானம் பண்ணிக்கும். அந்தச் சமாதானத்துல உங்க கையும் பிழைச்சுது. இந்தக் கட்டியும் அந்த வழியைத்தான் கத்துக்கிட்டிருக்கு. நானும் பிள்ளைதான்னு நடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

பல்லம்மா மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள், இறங்கினார்கள். அவளுடைய உடம்பு இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரே ஒரு நல்லதுதான் செய்திருந்தது. பையனைச் சுமந்த அந்த மாதங்கள். அதே வித்தையை வைத்துக்கொண்டுதான் அக்காவை ஒன்று தின்றுகொண்டிருக்கிறது.

முதல் சில தடவை மருந்து ஏறியபோது ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் பல்லம்மாவைப் பயமுறுத்தியது. லேபில் மெழுகில் பற்களை வரிசையாகப் பதிக்கும்போதும் நினைப்பு அங்கேயேதான் இருந்தது. ஒரு செட்டில் கடைவாய்ப் பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டாள். முதலாளி அதைத் தன் வாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா மனுஷன் காதாலதான் மெல்லணும்," என்றார். அவள் சிரிக்காததைப் பார்த்து, அவரே உட்கார்ந்து சரிசெய்தார்.

பிறகு ஒரு நாள் காலையில் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏய், இந்தக் குழாயை எவ இவ்ளோ இறுக்கி மூடினது?"

பல்லம்மா போய்ப் பார்த்தாள். குழாய் இறுகியிருக்கவில்லை. அக்காவின் விரல் கணுக்கள் வீங்கி மினுமினுத்தன. பல்லம்மாவுக்கு நெஞ்சு திக்கென்றது, அடுத்த நொடி அதே நெஞ்சு குளிர்ந்தது. படை எழுந்துவிட்டது. தான் பெற்ற வேதனை அக்காவுக்கும் வந்ததற்காகச் சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி இது, கொஞ்சறே?"

"விரலால திருகாதே. மணிக்கட்டால தள்ளு. இப்படி. பட்டனை நான் போட்டுவிடறேன்."

அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். காலையில் வெந்நீரில் கையை வைப்பது, கிண்ணத்தை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துவது, சாவியைத் துணி சுற்றிப் பிடிப்பது. அடுத்த படத்தில் நுரையீரல் புள்ளிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. குட்டி டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றாள்.

"உன் வியாதி ராசியான வியாதிடி," என்றாள் அக்கா, பஸ்ஸில் திரும்பி வரும்போது. "இத்தனை வருஷம் நீயே வச்சிக்கிட்டு இருந்தியே, முன்னாடியே கொஞ்சம் குடுத்திருக்கக் கூடாதா?"

அந்தப் பேச்சு கொஞ்ச காலம் வீட்டில் ஓடியது. பையனிடம் போனில் நல்ல செய்தி சொன்னார்கள். அவன் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் அழுதது இருவருக்கும் கேட்டது.

வயிற்றுப்போக்கை அக்கா மறைத்துவிட்டாள். படுக்கை விரிப்பைத் தானே துவைத்துப் போட்டாள். வீங்கிய கையால் எப்படிப் பிழிந்தாளோ தெரியாது. சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். கன்னம் ஒட்டிப்போனது. ஒரு நாள் பல்லம்மா வேலையிலிருந்து சீக்கிரம் வந்தபோது கழிவறைக் கதவு திறந்திருந்தது. அக்கா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தரையில் ரத்தம்.

"எத்தனை நாளா?"

"சொல்லாதே." அக்கா அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. வேலை செய்யுதுடி. நீயே பார்த்தியே. இன்னும் ரெண்டு தடவை ஏத்திக்கிட்டா மீதியும் போயிடும்."

"குடல் ஓட்டையாயிடும்க்கா. டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க இல்ல?"

"அதைப் பத்தி அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம்னு ஒண்ணு இருக்கணுமே."

"உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல," என்றாள் அக்கா. "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒண்ணுகூட கேட்டதில்ல. இதை மட்டும் கேக்கறேன்."

உண்மைதான். அக்கா கேட்டதே இல்லை. பல்லம்மா அவளைக் கழுவிவிட்டு, உடை மாற்றிப் படுக்க வைத்தாள். சமையலறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் புற்று ஜெயிக்கும். கூப்பிடாவிட்டால் மருந்தே கொன்றுவிடும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் மாடியில் யாரோ பால்கனியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையிலிருந்து அக்கா முனகினாள். அது வலியை அடக்குகிறவளின் முனகல். அதைப் பல்லம்மா தன் வாயிலிருந்தே எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவள் டாக்டரைக் கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்தை நிறுத்தினார்கள். எழுந்த படையை அடக்க ஸ்டீராய்டை ஊற்றினார்கள். ரத்தப்போக்கு நின்றது, கை வீக்கம் வடிந்தது. வீக்கம் வடிய வடிய பல்லம்மாவுக்கு உயிரே போவது போலிருந்தது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவாள், கேட்டால் தலையாட்டுவாள். ஒரே ஒரு முறை, விளக்கை அணைக்கப் போனவளிடம், "நீ போன் பண்ணாம இருந்திருந்தா," என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பாதி வாக்கியம் வீட்டில் அப்படியே தங்கிவிட்டது.

அடுத்த படத்தில் ஈரலில் கட்டி. குட்டி டாக்டர், வேறு வழி இல்லாததால், ஆபத்தைச் சொல்லிவிட்டு, அந்த மருந்தையே மறுபடி ஏற்றினாள். இந்த முறை குடலும் கெடவில்லை, விரலும் வீங்கவில்லை, கட்டியும் சுருங்கவில்லை.

"முன்னாடி வேலை செஞ்சதே," என்றாள் பல்லம்மா.

"படை கண்ணுக்குத் தெரிஞ்சதையெல்லாம் கொன்னுடுச்சும்மா. கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சது கொஞ்சம் தப்பிச்சுது. இப்போ இருக்கிறது அதோட வாரிசுங்க. எல்லாமே ஒளியத் தெரிஞ்சதுங்க."

"தப்பிச்சவங்க வாரிசுன்னு எங்களையும்தானே சொன்னீங்க?"

"ஆமா," என்றாள் டாக்டர். "ரெண்டும் ஒரே கணக்குதான்." பல்லம்மாவின் தோளைத் தொட எழுந்து வந்தவள், தொடாமலே நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து பல்லம்மா தன் மாத்திரையை விழுங்குவதை நிறுத்தினாள். அவளுடைய படையை அடக்கி வைக்கிற மாத்திரை அது. ஏன் நிறுத்தினாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அக்காவிடம் அணைந்துபோன ஒன்றைத் தன்னிடம் மட்டும் அடக்கி வைப்பது பொறுக்கவில்லை என்றோ, தனக்கு ஒரு தண்டனை வேண்டும் என்றோ சொல்லியிருக்கலாம். சில வாரங்களில் இரண்டு கைகளும் கொதித்து வீங்கின. லேபில் மெழுகுக் கத்தி நழுவி விழுந்தது. முதலாளி குனிந்து அதை எடுத்து, அவள் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வீட்டில் அவள் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தபோது அக்கா டம்ளரை வாங்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"மாத்திரை சாப்பிடறியா?"

பல்லம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கேக்கறேன் இல்ல? எங்க வச்சிருக்கே?"

அவ்வளவு நாள் கழித்து அக்கா பேசிய பேச்சு அதுதான். எலும்பும் தோலுமாகப் போனவள், கட்டிலிலிருந்து தானே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரி வரை போனாள். இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்தாள். மாத்திரையைப் பிதுக்க அவளுக்கும் விரலில் பலமில்லை. பல்லால் அட்டையைக் கிழித்தாள்.

"நான் சாகறேன்னு நீயும் சாகணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? வாயைத் தொற."

"நான் அன்னிக்கு போன் பண்ணியிருக்கக் கூடாதுக்கா."

"தொறடி வாயை."

பல்லம்மா வாயைத் திறந்தாள். அக்கா நாக்கில் மாத்திரையை வைத்து, தண்ணீரைப் புகட்டினாள். பாதி சட்டையில் கொட்டியது. இருவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"நீ பண்ணது சரிதான்னு எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "ஆனா எனக்கு இன்னும் கோபம் இருக்கு. அது போகாது. போகாட்டி பரவால்ல, இருந்துட்டுப் போகட்டும்."

அக்காவின் கடைசி நாட்கள் லேசாக இல்லை. வலிக்கு ஊசி, ஊசிக்குத் தூக்கம், தூக்கத்தில் பிதற்றல். சில சமயம் பயணிகளைப் படியில் நிற்காமல் உள்ளே போகச் சொல்லி அதட்டினாள். பையன் கப்பலிலிருந்து வந்து சேர்ந்தபோது அவனை அடையாளம் கண்டு, "ஷேவ் பண்ணு," என்றாள். ஒரு மத்தியானம், அவன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, மூச்சு ஒரு முறை போய், திரும்பி வரவில்லை. பல்லம்மா காத்திருந்தாள். அழுகை வரவில்லை. அக்காவின் காலைப் போர்வையால் மூடிவிட்டு, பையன் படியேறி வரும் சத்தத்துக்காக உட்கார்ந்திருந்தாள்.

அடக்கத்துக்கு டிப்போவிலிருந்து நிறைய பேர் சீருடையோடு வந்தார்கள். குட்டி டாக்டரும் வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனாள்.

பையன் விடுப்பை நீட்டிக்கொண்டு தங்கினான். வீட்டில் உடைந்துகிடந்ததையெல்லாம் ரிப்பேர் செய்தான். சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்தவன் போல இருந்தான். ஒரு காலையில் பல்லம்மா எழுந்து வந்தபோது அவன் சமையலறையில் நின்று வலது கையை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பானர் மேசையில் கிடந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. காலையில கொஞ்ச நேரம் மடங்க மாட்டேங்குது. கப்பல்ல ஈரம் ஜாஸ்தி."

"எவ்ளோ நாளா இப்படி?"

"கொஞ்ச மாசமா."

அவள் கிட்டே போய் அவன் கையை வாங்கினாள். அகலமான கை, நகத்தில் கிரீஸ் கறை. நடுவிரல் கணுவில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினாள். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தாள். கணு சூடாக இருந்தது.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெரியம்மாவுக்கு வந்த மாதிரியா, உனக்கு வந்த மாதிரியா?"

"எனக்கு வந்த மாதிரிதான்."

அவன் மூச்சை விட்டான். நிம்மதியானவனைப் போல அவன் தோள் தளர்ந்ததைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. இது நிம்மதிப்படுகிற செய்தி இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். சொல்லாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். சூடானதும் அகலமான கிண்ணத்தில் ஊற்றி, பொறுக்கும் சூடுதானா என்று தன் கையை விட்டுப் பார்த்தாள்.

"கையை இதுல வை," என்றாள். "பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."